நாற்பத்தோராம் இழுப்பறை

ஜங்ஷனிலிருந்து கருப்பூர் போகும் பேருந்தில்
மூன்று வருடம் ஒரே சன்னலோரம்.
வெளியே வெள்ளை வெளேரென்று கரடு கிடக்கும்.
பார்த்திருப்பேன்,
எதிரே வரும் போர்வெல் லாரியைப் பார்ப்பதுபோல.

தேர்வில் எழுதியிருக்கிறேன்:
மாக்னசைட், வேதிக்குறியீடு, பயன்கள் ஐந்து.
ஐந்தாவது மறந்துபோய்
நான்காவதையே வேறு சொற்களில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பிறகு ஆஸ்திரியா.
மலைகளுக்கு நடுவே ஒரு சுரங்க ஊர்.
நவம்பர். நாலரை மணிக்கே இருட்டு.
பருப்புப்பொடி டப்பா பாதி காலி.
பேராசிரியை ஹெர்மினே
நாற்பத்தோராம் இழுப்பறையை இழுத்து
பஞ்சுமேல் கிடந்த கல்லை
என் உள்ளங்கையில் வைத்தார்.
காலிஃப்ளவர் போலப் புடைத்த வெள்ளை.
பழுப்பேறிய சீட்டில் சாய்ந்த கையெழுத்து:
சேலம்.

எங்கள் ஊர் என்றேன்.
குரல் கொஞ்சம் உடைந்தது. கல்லுக்காகவா அழுவார்கள்?

'நல்லது. இது எப்படி உண்டானது?'
ஒப்பித்தேன்.
பூமிக்கடியிலிருந்து ஏறிவந்த சூடான நீர்,
பாறை வெடிப்பு, படிவு.
'உனக்கு எப்படித் தெரியும்?'
புத்தகத்தில் இருக்கிறது.
'புத்தகத்துக்கு?'

எங்கள் வகுப்பில் மௌனம் என்றால்
எழுந்து நிற்கவேண்டும்.
இங்கே அவர் காபியை ஊதிக் குடித்துக்கொண்டு
காத்திருந்தார்.
ரேடியேட்டர் டொக் டொக் என்றது.
மழைநீர் மேலிருந்து இறங்கியும் செய்திருக்கலாமோ?
எதை வைத்து அதை மறுப்பேன்?
பிழையில்லாமல் நான் சொன்ன
முதல் ஜெர்மன் வாக்கியம் அன்றுதான் வந்தது:
எனக்குத் தெரியாது.

அவர் முகம் மலர்ந்தது.
இனி ஆரம்பிக்கலாம் என்பதுபோல
நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஏழு லட்சம் வங்கிக்கடன், ஒரு கேள்விக்கு.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து
எல்லார்மீதும் பிரயோகித்தேன்.
அக்காவின் ஜாதகத்தில்,
மாமாவின் சர்க்கரை மருந்தில்,
வாட்ஸப்பில் வந்த எல்லாவற்றிலும்.
'படிக்க அனுப்பினோமா
குறுக்கு விசாரணைக்கு அனுப்பினோமா' என்றார் அப்பா,
சிரிக்காமல்.

தில்ஷாத்திடமும் ஆரம்பித்தேன்,
அக்ரஹாரத்துத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் தின்றபடி.
கேள்வி என்றால் என்ன, சான்று என்றால் என்ன,
அங்கே எப்படி, இங்கே ஏன் இல்லை.
கல்லூரியில் என் பக்கத்து இருக்கை அவள்.
விண்ணப்பம் வாங்கினாள், போடவில்லை.
இப்போது வெள்ளைக்கல் குழியில்
ஒப்பந்தத்துக்கு மாதிரி எடுக்கிறாள்.
பீட்ரூட் துருவல் உதிராமல் மென்று முடித்து
பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு நரம்புகள்.
ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் ஆழத்தில்
எத்தனை சென்டிமீட்டர் தடிமன்.
யாரும் கேட்காதது. சம்பளத்தில் சேராதது.
'கீழ போகப்போக மெலியுதுடி.
சிலது மெலியல. அதான் தூக்கம் வரல.'

நான் ஒரே கல்லை வைத்து
ஒன்பது பக்கம் எழுதியவள்.
சட்னி விரலோடு நோட்டைத் தொடப் போனேன்.
தட்டிவிட்டாள். 'கை கழுவிட்டு வா.'

உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று
கேட்க வாயெடுத்தேன்.
வெட்கமாயிருந்தது.
ஹெர்மினே இல்லாமல் போயிருந்தால்
இந்த நோட்டு எனக்கு
வெறும் எண்களாகத் தெரிந்திருக்கும்;
அதுவும் உண்மை.
இரண்டையும் வைத்துக்கொண்டு
டம்ளர் தண்ணீரில் கை கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதி வாங்கி இறங்கினோம்.
குழிக்குள் வெயில் கண்ணைக் குத்தியது,
எல்லாப் பக்கமும் வெள்ளை.
தொலைவில் ஏற்காட்டு மலை நீலமாக, வேறொரு பாடம்.
டேப்பின் பூஜ்ய முனை அவள் கையில்.
நான் வாசித்தேன், அவள் எழுதினாள்.
நான்காவது நரம்பு
ஆழத்தில் தடித்திருந்தது.
இன்னொரு முறை அளந்தேன்.
மூன்றாம் முறையும்.

எங்கள் இருவருக்கும் பிடிக்காத எண்.

'என்ன வருதோ அதைச் சொல்லு' என்றாள்
பேனாவை உதறிக்கொண்டு.